கோயில் சாவி ஒருத்தர்கிட்ட மட்டும் இருக்கலாமா?



போன வெள்ளிக்கிழமை பூஜையில் சில குடும்பங்களின் பெயரும் நட்சத்திரமும் சங்கல்பத்தில் விடுபட்டுப் போச்சு. "காசு கட்டியும் பேரு வரலையே"ன்னு ஒரு பாட்டி கண் கலங்கினாங்க. அவங்க கேட்டது நியாயம். தொண்டர்கள் நாங்க எல்லாரும் மன்னிப்பு கேட்டுக்கிறோம்.

என்ன நடந்ததுன்னா, 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் முடிஞ்சதால, ஆபீஸ் லெப்டாப்பை விண்டோஸ் 11-க்கு மாத்தினோம். பட்டனை அமுக்கினா எக்செல் பட்டியலைத் தானா இணையத்தில் ஏத்துற மேக்ரோ, 'பாதை கிடைக்கவில்லை'ன்னு எரர் 76 காட்டி நின்னுடுச்சு. மேக்ரோவுக்குள்ள பழைய டெஸ்க்டாப் முகவரி அப்படியே எழுதியிருந்தது. புதுசுல பயனர் பெயரும் மாறி, டெஸ்க்டாப்பும் ஒன்டிரைவுக்குள்ள போயிருந்தது. வாட்சப்பில் அனுப்பிய இன்னொரு பிரதியிலோ மேக்ரோவே ஓடல. இணையம் வழியா வந்த ஃபைல்களில் மேக்ரோவை 2022 முதல் எக்செல் தானா தடுக்குது.

"செக்யூரிட்டியை மொத்தமா ஆஃப் பண்ணிடலாம்"னு சிலர் சொன்னாங்க. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பட்டியலில் உங்க பெயர், கைப்பேசி எண் எல்லாம் இருக்கு. பூட்டு திறக்கலன்னு கதவையே கழட்டுவோமா? நம்ம ஃபைல்தான்னு உறுதி செஞ்சுட்டு, அதன் ப்ராப்பர்டீஸில் 'அன்பிளாக்' கொடுத்தோம். ஃபோல்டர் முகவரியைத் திருத்தினோம். இப்போ ஓடுது.

ஆனா உண்மையான குறை கணினியில் இல்லை. அந்த மேக்ரோவை எழுதிய தம்பி வேலைக்காக வெளியூர் போயிட்டார். அவரைக் குறை சொல்லாதீங்க, அவர் செஞ்சது பெரிய சேவை. அது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு தாளில் எழுதி வாங்காத நாங்கதான் தப்பு. கோயில் சாவியை ஒரே ஆள்கிட்ட விட மாட்டோம். பட்டியலை மட்டும் ஏன் விட்டோம்?

இனி மேக்ரோ விவரத்தை ரெண்டு பேராவது தெரிஞ்சு வெச்சிருக்கணும். கணினியை மாத்தினா அஞ்சு பேரை வெச்சு முதல்ல சோதிக்கணும். வெள்ளி காலையில் அச்செடுத்த பட்டியல் ஒண்ணு குருக்கள் கையில் இருக்கணும். மத்த ஆலயத் தொண்டர்களுக்கும் இதையே சொல்லிக்கிறோம்.

எக்செல் தெரிஞ்ச பிள்ளைங்க ஸ்ரீ கெம்பாங்கானில் நிறைய பேர் இருக்கீங்க. ஞாயிறு பூஜை முடிஞ்சதும் ஆபீஸுக்கு வாங்க. பூ கட்டுறது மாதிரி இதுவும் ஒரு தொண்டுதான்.

வெற்றிவேல்!