வீட்டை விற்றுவிட்டுப் போக வேண்டாம்

கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். "பையன் அமெரிக்கால இருக்கான். நீங்களும் ரிட்டயர் ஆயிட்டீங்க. இனிமே ரெண்டு பேரும் இங்க எதுக்குத் தனியா கிடக்கணும்? வீட்டை வித்துட்டுப் போய்ச் சேருங்க. கிரீன் கார்டு வந்துட்டா மிச்சத்தை அந்த கவர்ன்மென்ட்டே பாத்துக்கும்."

சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் இந்த நாலு வார்த்தையை நம்பி, இருபது வருடம் தவணை கட்டி மீட்ட வீட்டுக்கு விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளோடு இருக்க ஆசைப்படுவதில் எந்தத் தவறும் இல்லை. தவறு, அந்த ஆசைக்கு முட்டுக் கொடுக்கும் கணக்குகளில் இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"பிள்ளை அங்கே இருந்தால் கிரீன் கார்டு தானாக வந்துவிடும்"

வராது. பெற்றோருக்காக விண்ணப்பிக்கும் பிள்ளை, 21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருக்க வேண்டும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரால் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள முடியாது. எச்1பி விசாவில் போன பிள்ளைக்கோ தன் கிரீன் கார்டே பெரும்பாடு. வேலைவழி கிரீன் கார்டுகளில் எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்ற வரம்பு இருப்பதால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பத்து வருடத்தையும் தாண்டி நிற்கிறது. கார்டு வந்தபின் குடியுரிமைக்குப் பொதுவாக இன்னும் 5 ஆண்டுகள். அதுவரை அப்பா அம்மாவுக்குக் கிடைப்பது வருகையாளர் விசா. அதில் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 6 மாதம் தங்கலாம்.

பிள்ளை குடிமகன் ஆகிவிட்டால் பெற்றோருக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. வேலை விரைவாக நடக்கும். ஆனால் அதற்கு முன் பிள்ளை ஓர் ஆதரவு உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். வறுமைக்கோட்டு அளவைப்போல் 125 சதவீத வருமானம் தனக்கு இருப்பதாகக் காட்ட வேண்டும். வருமானத்தைப் பார்த்துத் தரப்படும் அரசு உதவியைப் பெற்றோர் வாங்கினால், அந்தப் பணத்தைப் பிள்ளையிடமிருந்து வசூலிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பெற்றோர் குடியுரிமை பெறும்வரை, அல்லது 10 ஆண்டு வேலைக் கணக்கு சேரும்வரை, அந்தக் கையெழுத்து பிள்ளையைக் கட்டிப்போடும். ஏழை முதியோருக்கு அங்கே தரப்படும் மாத உதவித்தொகையும் 1996-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, புதிதாக வரும் கிரீன் கார்டுக்காரர்களில் பெரும்பாலோருக்குக் கிடையாது. "கவர்ன்மென்ட் பாத்துக்கும்" என்று இங்கே மண்டபத்தில் பேசுகிறோம். அந்த கவர்ன்மென்ட், "நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று பிள்ளையிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்கிறது.

மற்ற நாடுகளும் கதவை அகலத் திறந்து வைத்திருக்கவில்லை. பிரிட்டன் 2012-ல் விதியை இறுக்கியது. அன்றாடக் காரியங்களுக்கே ஒருவர் துணை தேவை, அந்தத் துணை சொந்த நாட்டில் கிடைக்காது என்று நிரூபித்தால்தான் பெற்றோர் அங்கே குடியேறலாம். கனடாவின் சூப்பர் விசாவில் ஒரு தடவைக்கு 5 ஆண்டு வரை தங்கலாம். ஆனால் குறைந்தது 1 லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் கட்டணம் கட்டிப் பெறும் நிரந்தரப் பெற்றோர் விசாவுக்கு ஒருவருக்கே 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகும்.

"65 வயதானால் அங்கே வைத்தியம் இலவசம்"

அதிகம் பேரை ஏமாற்றும் நம்பிக்கை இதுதான். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு உண்டு. அதில் மருத்துவமனைச் செலவைப் பார்க்கும் முதல் பகுதி, அந்த நாட்டில் 10 ஆண்டு வேலை பார்த்து வரி கட்டியவர்களுக்குத்தான் பிரீமியம் இல்லாமல் கிடைக்கும். சொந்த வேலையோ கணவன் அல்லது மனைவியின் வேலையோதான் கணக்கு. மகன் இருபது வருடம் கட்டிய வரி அப்பாவுக்கு உதவாது.

அப்படி வேலை பார்க்காதவர் அதைக் காசு கொடுத்து வாங்கலாம். அதற்கும் கிரீன் கார்டோடு அங்கே தொடர்ந்து 5 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். 2025-ல் அந்த முதல் பகுதிக்கு மாதம் 518 டாலர். டாக்டர் செலவைப் பார்க்கும் இரண்டாம் பகுதிக்கு 185 டாலர். இருவருக்குமாக மாதம் 1,406 டாலர் என்றால், ரூபாயில் லட்சத்தைத் தாண்டிவிடும். இவ்வளவு கட்டிய பிறகும் டாக்டர் கட்டணத்தில் பொதுவாக 20 சதவீதம் நம் தலையில் விழும். பல் வைத்தியம், மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவை அடிப்படை மெடிகேரில் பெரும்பாலும் சேராது. படுத்த படுக்கையானவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, உடை மாற்றிப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் நீண்டகாலச் செலவும் சேராது. முதுமையில் நாம் அதிகம் பயப்படுவது அந்தச் செலவுக்குத்தானே?

முதல் 5 ஆண்டுகளுக்கு என்ன வழி? கிரீன் கார்டு இருந்தால் காப்பீட்டுச் சந்தையில் பாலிசி வாங்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறது என்று மறுக்க முடியாது. அது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஆனால் இளைஞரிடம் வாங்குவதைப்போல் 3 மடங்கு வரை 64 வயதுக்காரரிடம் பிரீமியம் வாங்கப் பெரும்பாலான மாநிலங்களில் அனுமதி உண்டு. வருகையாளர் விசாவில் போகிறவர் எடுக்கும் பயணக் காப்பீட்டின் நிலை இன்னும் மோசம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான செலவை அது பெரும்பாலும் ஒதுக்கிவிடும். 65 வயதில் ஏற்கெனவே ஒரு நோயும் இல்லாதவர் நம்மில் எத்தனை பேர்?

"ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று இருந்துகொள்ளலாம்"

வருகையாளர் விசாவில் போகிறவர்கள் ஓரளவு இப்படி இருந்துகொள்ளலாம். கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு இதுவே வினையாக முடியும். அது நிரந்தரமாக வசிப்பவர்களுக்கான அட்டை. 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டுத் திரும்பினால், விமான நிலையத்தில் அதிகாரி கேள்வி கேட்பார். குடியுரிமைக்கான தொடர் வசிப்புக் கணக்கும் அறுந்துபோகலாம். ஓராண்டுக்கு மேல் வெளியே இருக்கப்போவதாக இருந்தால் கிளம்பும் முன்பே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தங்கை பேத்தி கல்யாணத்துக்கு வந்தோம், அப்படியே முழங்கால் ஆபரேஷனையும் இங்கே முடித்துக்கொள்வோம் என்று தங்கிவிடுகிறவர்கள், ஊருக்கு வந்த நாளிலிருந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

குடியுரிமை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். ஆனால் அதற்கு ஆங்கிலத் தேர்வும் அந்த நாட்டு வரலாறு, அரசமைப்பு பற்றிய தேர்வும் உண்டு. வயதானவர்களுக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு இருக்கிறது என்பார்கள். அந்த விலக்கு, கிரீன் கார்டோடு 15 அல்லது 20 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்களுக்கானது. 65 வயதில் போய் இறங்கிய அம்மா, உடலோ மனமோ இயலாத நிலையில் இருந்தாலொழிய, 70 வயதில் ஆங்கிலத்தில் படித்து எழுதிக் காட்ட வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமையும் போய்விடும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் இங்கே ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலம் வாங்க முடியாது.

"பென்ஷனும் வட்டியும் இங்கே ஓடிக்கொண்டிருக்கும்"

ஓடும். ஆனால் இரண்டு அரசாங்கங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டே ஓடும். கிரீன் கார்டு வாங்கியவரின் உலகளாவிய வருமானம் முழுவதும் அமெரிக்க வரிக் கணக்குக்குள் வருகிறது. மேல்மாடி வாடகை, வங்கி எஃப்.டி. வட்டி, பென்ஷன் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். இரு நாட்டு வரி ஒப்பந்தம் இரட்டை வரியைத் தணிக்கும். கணக்குக் காட்டும் கடமையை நீக்காது. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து ஆண்டில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனியாக அறிக்கை தர வேண்டும். வீடு விற்ற பணம் எஃப்.டி.யில் கிடந்தால் இந்த வரம்பு முதல் நாளே தாண்டிவிடும். தெரியாமல் விட்டாலும் பல ஆயிரம் டாலர் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

இந்தப் பக்கமும் மாற்றம் வரும். நிரந்தரமாகப் போகிறவரின் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அதன் வட்டியில் பொதுவாக 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடித்துக்கொண்டுதான் கைக்கு வரும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிதாகச் சேர முடியாது. நேற்றுவரை பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்கு நடந்துபோய்த் தன் பணத்தைத் தானே பார்த்துக்கொண்டவர், இனி இரண்டு நாட்டிலும் ஆடிட்டர் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆடிட்டரோடு பேசுவதற்கு மகனையோ மருமகளையோ எதிர்பார்க்க வேண்டும்.

"பேரப்பிள்ளைகளோடு பொழுது போய்விடும்"

முதல் சில ஆண்டுகள் போகும், அருமையாகவே போகும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடும் பாட்டிக்கு அந்த வீட்டில் இருக்கும் மதிப்பே தனி. ஆனால் குழந்தை ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போய்விடும். பன்னிரண்டு வயதில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும். தாத்தா பாட்டிக்கு அப்போது 75 வயது ஆகியிருக்கும். காலை எட்டு மணிக்கு எல்லாரும் கிளம்பிப் போனபின் மாலை ஆறு மணிவரை அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான்.

இங்கே அதே வயதில் ஒருவர் காலையில் பால் வாங்க நடக்கிறார். பூக்காரம்மாவிடம் விலை கேட்கிறார். பார்க்கில் நாலு பேரோடு அரசியல் பேசுகிறார். பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போகிறார். ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்துகிறார். யாரிடமும் கேட்காமல் இத்தனையும் செய்கிறார். முதுமையில் ஒருவரை நிமிர்ந்து நிற்க வைப்பவை இந்தச் சின்னச் சின்னக் காரியங்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அமெரிக்கப் புறநகரில் கார் ஓட்டத் தெரியாதவருக்கு ஒரு கட்டு கறிவேப்பிலை வாங்கவும் சனிக்கிழமை வரவேண்டும். முடியாதவர்களை வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிச்செல்லும் வாகன வசதியை 1990-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் உறுதி செய்திருக்கிறது. ஆனால் அந்தக் கட்டாயம், பேருந்துத் தடத்திலிருந்து முக்கால் மைல் தூரத்துக்குத்தான். பேருந்தே ஓடாத புறநகருக்கு அந்தச் சட்டத்தால் பயனில்லை.

எல்லா ஊரும் அப்படி என்று சொல்லமாட்டேன். நியூ ஜெர்சியின் எடிசனில் நம் கடைகளும் நம் பேச்சும் பக்கத்திலேயே இருக்கும். நியூயார்க்கில் ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் 1977 முதல் இருக்கிறது. அங்கே சாமி கும்பிட்டுவிட்டுக் கேன்டீனில் தோசையும் சாப்பிடலாம். அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளை இருந்தால் கணக்கு மாறும். ஃபுளோரிடாவின் டவாரெஸ் ஊரில் சாந்திநிகேதன் என்ற பெயரில் இந்திய முதியோருக்கென்றே ஒரு குடியிருப்பு எழுந்திருக்கிறது. பிள்ளைகள் அதே நாட்டில் இருந்தும், அங்கே வீடு வாங்கியவர்கள் தங்கள் வயதுக்காரர்கள், தங்கள் சாப்பாடு, தங்கள் பேச்சு இருக்கும் இடத்தைத் தேடிப் போயிருக்கிறார்கள். அந்த மூன்றும் இங்கே நம் தெருவிலேயே இருக்கின்றன. விற்றுவிட்டுப் போகும்போது அவற்றையும் சேர்த்தே விற்கிறோம்.

"இங்கே தனியாக இருந்தால் யார் பார்ப்பார்கள்?"

இந்த ஒரு வாதத்தில்தான் முழு நியாயம் இருக்கிறது. நடு ராத்திரியில் குளியலறையில் வழுக்கி விழுந்தால், ஒருவர் இறந்து மற்றவர் தனித்துப்போனால், மறதி நோய் தலைகாட்டினால், பிள்ளை வேண்டும். அப்படிப்பட்ட நிலையில் போவதுதான் சரி. அதைத் தடுக்க நான் யார்?

ஆனால் திடமாக நடமாடும் 62 வயதுத் தம்பதிக்கு இந்தப் பயத்தைக் காட்டி வீட்டை விற்கச் சொல்வது அநியாயம். முதியோர் மருத்துவத்துக்கென்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே புறநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. 2024-ல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 65 வயதுக்கு மேற்பட்டோருக்குப் புதிதாக மருத்துவக் காப்பீடு தருவது கட்டாயமில்லை என்ற நிலையைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் மாற்றியது. கோயம்புத்தூரைச் சுற்றி மூத்தோர் குடியிருப்புகள் எத்தனையோ வந்துவிட்டன. இவற்றில் குறைகள் உண்டு. நம்பகமான பராமரிப்பு ஆள் கிடைப்பது இங்கேயும் கஷ்டம். என்றாலும் "தனியாகக் கிடப்பது அல்லது வீட்டை விற்றுப் போவது" என்று இரண்டே வழிதான் இருப்பதுபோல் பேசுவது உண்மைக்குப் புறம்பானது.

அப்படியானால் என்னதான் செய்வது? முதலில் வருகையாளராகப் போய், நவம்பர் முதல் மார்ச் வரை ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து பாருங்கள். ஜூன் மாத அமெரிக்காவைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பிள்ளையிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: காப்பீட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகும், யார் கட்டுவார்கள்? உனக்கு வேலை போனால் என்ன செய்வோம்? வேறு மாநிலத்துக்கு மாறினால் நாங்களும் பின்னால் வரவேண்டுமா? எங்களில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் எங்கே இருப்பார்? அம்மா பெயரில் தனியாக எவ்வளவு பணம் இருக்கும்? பாசமுள்ள பிள்ளை இந்தக் கேள்விகளுக்கு வருத்தப்படமாட்டான். அவனும் மனசுக்குள் இதையே கேட்டுக்கொண்டுதான் இருப்பான்.

வீட்டை வாடகைக்கு விடுங்கள். ஓர் அறையை மட்டும் உங்களுக்கென்று பூட்டி வையுங்கள். குளிர்காலம் முடிந்து திரும்பி வந்து, அந்த அறையைத் திறந்து, பெருக்கி, காப்பி போட்டுக் குடித்துவிட்டு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். போவதென்றே முடிவானாலும் அது கண் திறந்து எடுத்த முடிவாக இருக்கும். அப்படி வந்து உட்கார்ந்து யோசிக்கவாவது அந்த வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.