மூணு ஒயர் போதும் நண்பா!



ஃபைனல் இயர் வந்துவிட்டால் நம்மிடையே ஒரு கேள்வி தவறாமல் எழும். "மச்சி, ப்ராஜெக்ட் எங்கே வாங்கப் போறே?" கவனியுங்கள்... "என்ன செய்யப் போறே?" அல்ல, "எங்கே வாங்கப் போறே?" காசைக் கொடுத்தால் போர்டும் ரிப்போர்ட்டும் பைண்டிங்கோடு கைக்கு வந்துவிடுகிறது. வைவாவில் எக்ஸ்டெர்னல் "இந்த ஐ.சி. எதுக்குப்பா?" என்று கேட்டால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது!

இதற்கு மாற்றாக ஒரு வேலையைச் சொல்கிறேன். பழைய கையடக்க விளையாட்டுப் பெட்டி ஒன்றில் ஜி.பி.எஸ். ரிசீவரை நாமே ஒயர் இழுத்து இணைப்பது. சிரிக்காதீர்கள். மேலே படியுங்கள்.

2001-ல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'கேம் பாய் அட்வான்ஸ்' என்ற பெட்டியை வெளியிட்டது. இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும் அதற்குள் 16.78 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் பிராசசர். திரை 240-க்கு 160 புள்ளிகள். நண்பர்கள் சேர்ந்து விளையாட ஆறு பின் கொண்ட ஒரு லிங்க் போர்ட். அந்தப் போர்ட்டைத் துருவிய ஆர்வலர்கள், அதற்குள் ஒரு யூ.ஏ.ஆர்.டி. இருப்பதைக் கண்டார்கள். ஆம் நண்பர்களே! 8051 லேபில் நாம் மனப்பாடம் செய்து எழுதுகிறோமே, அதே சீரியல் போர்ட்தான்!

ஜி.பி.எஸ். ரிசீவரும் அதே பாஷைதான் பேசுகிறது. 2000 மே மாதம், சிவிலியன் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. அதன்பின் சாதாரண ரிசீவரே சுமார் 20 மீட்டருக்குள் இடத்தைச் சொல்ல ஆரம்பித்தது. ரிசீவரின் டிரான்ஸ்மிட் ஒயர் பெட்டியின் எஸ்.ஐ. பின்னுக்கு, ரிசீவ் ஒயர் எஸ்.ஓ. பின்னுக்கு, அப்புறம் கிரவுண்டுக்குக் கிரவுண்டு. மூணே ஒயர்!

அவ்வளவுதானா? இல்லை. பாடமே இங்குதான் ஆரம்பம்.

முதலில் வோல்டேஜ். பெட்டியின் பின்கள் 3.3 வோல்ட். பழைய ரிசீவர்கள் சில ஆர்.எஸ். 232 வகை, அதில் ஒன்று என்பது மைனஸ் வோல்டேஜ், பூஜ்யம் என்பது பிளஸ். நேராகக் கொடுத்தால் பெட்டி போயே போச்சு! நடுவில் மேக்ஸ் 3232 ஐ.சி. வேண்டும். நம் லேபில் உள்ள மேக்ஸ் 232, 5 வோல்ட்டுக்கானது. இந்த வித்தியாசம் எந்த ரெக்கார்டு நோட்டிலாவது மனதில் பதிந்ததா?

இரண்டாவது, பாட் ரேட். என்.எம்.இ.ஏ. 0183 முறையில் வழக்கமான வேகம் 4800. ஆனால் பெட்டிக்குத் தெரிந்ததோ 9600, 38400, 57600, 115200 மட்டும். அப்படியென்றால் ரிசீவரை 9600-க்கு மாற்றக் கட்டளை அனுப்ப வேண்டும். அல்லது 9600-லேயே பேசும் ரிசீவரைத் தேட வேண்டும்.

மூன்றாவது, கணக்கு. ரிசீவர் 1305.0000 என்று அனுப்பினால் அது 13.05 டிகிரி அல்ல. 13 டிகிரி 5 நிமிடம். அதாவது 13.0833 டிகிரி. இதைக் கோட்டை விட்டால் வரைபடத்தில் சுமார் 3.7 கிலோமீட்டர் தள்ளிப்போய் நிற்போம்!

இன்னொன்று. லிங்க் கேபிளை வெட்டும்போது ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். மலிவுக் கேபிள்களில் சில ஒயர்களே இருக்காது. மல்டிமீட்டரில் கன்டின்யூட்டி பார்த்து, பேப்பரில் குறித்துக்கொண்டு, பிறகுதான் சால்டரிங்.

"போன்லயே ஜி.பி.எஸ். இருக்கே, இதெல்லாம் எதுக்குடா?" என்று நண்பன் ஒருவன் கேட்பான். நியாயமான கேள்விதான். வழி கண்டுபிடிக்க என்றால் போனே போதும். ஆனால் போன் விடையை மட்டும் காட்டுகிறது, வழியை மூடி வைத்துக்கொள்கிறது. இந்தப் பெட்டியிலோ ஒவ்வொரு பிட்டும் நம் கைவழியே போகிறது. திரையில் எதுவும் வரவில்லையா? வோல்டேஜா, வேகமா, கிரவுண்டா, நம் புரோகிராமா என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அந்தத் தேடலுக்குப் பெயர்தான் இன்ஜினியரிங்!

நாளை நாம் வேலைக்குப் போகும் இடத்தில், ஒரு மெஷினோடு இன்னொரு மெஷின் பேசாமல் நிற்கும். அப்போது விலைக்கு வாங்கிய ப்ராஜெக்ட் கைகொடுக்காது. பிழை தேடிப் பழகிய கைதான் கைகொடுக்கும்.

அதற்காக எல்லோரும் கேம் பாய் தேடி அலைய வேண்டாம். வீட்டு மூலையில் தூங்கும் எந்தப் பழைய கருவியாக இருந்தாலும் சரி. திறந்து பாருங்கள், அளந்து பாருங்கள், இணைத்துப் பாருங்கள். சின்னதாக இருக்கட்டும், நம்முடையதாக இருக்கட்டும்!

டிப்ளமோ என்பது தாளில் இருந்தால் போதாது தோழர்களே... விரல் நுனியிலும் இருக்க வேண்டும்!