கொல்வதற்கு முன் காட்டட்டும்

பெருங்குடல் புற்றுநோய்ச் செல்லைப் பெப்டைடு என்ற குட்டி அமினோ அமிலச் சங்கிலி தேடிப் போய்க் கொல்கிறது என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது. பெரும்பாலும் அது கண்ணாடித் தட்டிலோ எலியிலோ கிடைத்த வெற்றிதான். மனிதக் குடலில் பெப்டைடு செய்து காட்டியிருப்பது வேறு வேலை: கோளாறான இடத்தைக் காட்டிக்கொடுப்பது.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2008-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் அதை விவரித்தார்கள். பெப்டைடைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு உதவியது பேஜ், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். அதன் உறையில் விதவிதமான பெப்டைடுகளை ஏற்றித் திசுவின் மேல் விடுவார்கள். ஒட்டாததைக் கழுவிவிட்டு, ஒட்டியதைப் பெருக்குவார்கள். 1985-இல் ஜார்ஜ் ஸ்மித் தொடங்கிவைத்த உத்தி இது. 2018-இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. இப்படிச் சலித்தெடுத்த, ஏழே அமினோ அமிலம் கொண்ட பெப்டைடில் ஒளிரும் சாயத்தைக் கோத்து, கொலோனோஸ்கோபியின்போது குடலில் தெளித்தார்கள். கோளாறான திசுவில் 81 சதவீதத்தை அது இனங்கண்டது. நல்ல திசுவில் 82 சதவீதத்தை விட்டுவிலகியது.

மீதி 18 சதவீதம்? விளக்கு பொய்யாக மின்னினால் ஒரு துணுக்குச் சதையை வெட்டிச் சோதிப்பதோடு போகும். அதே பெப்டைடில் நஞ்சைக் கட்டி அனுப்பியிருந்தால் நல்ல செல்கள் சாகும். கட்டுரைத் தலைப்புகள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

2015-இல் வெளியான இன்னோர் ஆய்வில், சி-மெட் என்ற ஏற்பியைப் பற்றும் பெப்டைடை 15 பேருக்கு ரத்தநாளத்தில் செலுத்தினார்கள். சாதாரண வெளிச்சத்தில் தெரிந்த 38 பாலிப்களோடு (குடல் உட்சுவரில் முளைக்கும் சதைக்கட்டிகள்), தெரியாத 9-ஐயும் அது காட்டிக்கொடுத்தது. ஒன்பது பாலிப் என்பது சின்ன விஷயமல்ல. தப்பவிட்ட பாலிப்தான் பின்னாளில் புற்றாகலாம்.

பெப்டைடு சிறியது என்பதால் திசுவுக்குள் சுலபமாக நுழைகிறது. அதனாலேயே சிறுநீரகம் அதைச் சீக்கிரம் வெளியேற்றியும் விடுகிறது. படம் பிடிக்க இது வசதி, மருந்துக்கோ தலைவலி.

ஆனாலும் ஓர் இலக்கு நம்பிக்கை தருகிறது. குடலின் உட்சுவர்ச் செல்களில் ஜியூசிஒய்2சி என்ற ஏற்பி உண்டு. மலச்சிக்கலுக்கு அமெரிக்காவில் 2012-இல் அனுமதி பெற்ற லினாக்லோடைடு, 14 அமினோ அமிலப் பெப்டைடு, இதில்தான் ஒட்டுகிறது. நல்ல குடலில் இந்த ஏற்பி பெரும்பாலும் உட்குழியைப் பார்த்தே இருப்பதால் ரத்தத்தில் வரும் மருந்துக்கு எளிதில் எட்டாது. கல்லீரலுக்குப் பரவிய பெருங்குடல் புற்றுச் செல்களிலோ அது பெரும்பாலும் நீடிக்கிறது, ரத்தத்துக்கு எட்டும் இடத்திலேயே. நஞ்சோ கதிரியக்கமோ ஏற்றிய பெப்டைடை முதலில் இங்கே சோதிப்பதுதான் முறை.