ருசிக்கு ஒரு கோப்பை

நீலகிரியில் மே மாதம் பிறந்தால் கண்காட்சி சீஸன். 1896-ல் தொடங்கிய உதகை மலர்க் காட்சி ஒரு பக்கம். கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் காட்சி. காரட்டும் முள்ளங்கியும் யானையாகவும் மயிலாகவும் நிற்கின்றன. ஜனங்கள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். பிளந்த வாயில் ஒரு துண்டாவது விழ வேண்டுமே!

இதுதான் என் ஆட்சேபணை. காய்கறியைக் கண்ணால் மட்டும் எடைபோடுவது, சங்கீத வித்வானை அவர் அங்கவஸ்திரத்து ஜரிகையைப் பார்த்து எடைபோடுவது போல.

மரத்தக்காளியையே எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் பிறந்து, நீலகிரிக் கொல்லைகளில் வேரூன்றிவிட்ட பழம் அது. ஆளுயரத்துக்கு மேல் வளரும் மரம்; முட்டை வடிவப் பழம். சிவப்புதான் உசத்தி, அந்தப் புளிப்பில்லாமல் சட்னி ஏது என்பார் ஒருவர். மஞ்சளுக்குத்தான் சாதுவான ருசி என்பார் வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரர். கசக்கும் தோலை உரித்தாக வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. இந்த வழக்கைத் தீர்க்க நாக்கை விட்டால் வேறு கோர்ட்டு உண்டா?

"நாக்கு ஆளுக்கு ஆள் வேறுபடும், கண் பொய் சொல்லாது" என்று சிலர் வாதிக்கலாம். கண் எப்படி ஏமாற்றும் என்பதற்குச் சாட்சி சாதாரணத் தக்காளியே. காம்படியில் பச்சை தங்காமல் ஒரே சீராகச் சிவக்க வேண்டுமென்று, சுமார் 70 வருஷம் புது ரகங்களை உண்டாக்குகிறவர்கள் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தார்கள். அந்த அழகைக் கொடுத்த மரபணு மாற்றமே பழத்தின் சர்க்கரையையும் குறைத்துவிட்டது என்று 2012-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஆராய்ச்சி வெளியாயிற்று. மேனி மினுக்குக்கு நாம் கொடுத்த விலை, ருசி!

ருசியைக் கேட்பாரில்லை என்றால், பழைய நாட்டு ரகத்தைக் கட்டிக் காப்பாற்ற யாருக்கு மனம் வரும்? தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. நாட்டு ரகத்தின் விதை தாயைக் கொண்டே பிறக்கும். ஒட்டுரகத்தின் விதை அப்படியல்ல. வருஷா வருஷம் கடையில் பொட்டலம் வாங்க வேண்டியதுதான். பத்து வருஷம் விதை எடுக்காமல் விட்டால், பாட்டி கொல்லையில் காய்த்த தக்காளி பேச்சில்தான் மிஞ்சும்.

கோப்பைகளுக்கு நான் விரோதி அல்ல. தோட்டக்காரர்களின் போட்டியும் பொறாமையும் இன்னும் வளரட்டும் என்றே சொல்கிறேன். ஆனால் ஒரே ஒரு கோப்பையை நாக்குக்கு ஒதுக்குங்கள். நடுவர் கண்ணைக் கட்டிக்கொண்டு தின்று பார்க்கட்டும். ஒரு நிபந்தனை: ஜெயித்தவர் கோப்பையை வாங்கும் முன், தோற்றவர் கையில் ஒரு பிடி விதை கொடுக்க வேண்டும். அடுத்த வருஷச் சண்டைக்கு அதைவிட நல்ல முதல் வேறென்ன?