40,000 ரூபாய் ஏசி, அடைக்காத ஓட்டை

ஏசி வாங்கும்போது 3 ஸ்டாரா 5 ஸ்டாரா, இ.எம்.ஐ.யா கேஷ்பேக்கான்னு ஒரு மாசம் ஆராய்ச்சி பண்றோம். மாட்டி முடிச்சதும் குளிர் வருதான்னு மட்டும் பார்க்கிறோம். பைப் வெளியே போற ஓட்டையை யாரும் திரும்பிப் பார்க்கறதில்ல.

அந்த ஓட்டை சாதாரணமா இரண்டரை இன்ச் இருக்கும். ரெண்டு காப்பர் பைப், ஒரு டிரெயின் பைப், ஒரு வயர் போக மீதி காலி. பல வீடுகள்ல அதுல ஒரு பழைய துணியைத் திணிச்சதோட சரி. இன்டர்நெட் கேபிளுக்குப் போட்ட ஓட்டையும் இதே கதைதான்.

"வாடகை வீடு, ஹவுஸ் ஓனர் சுவத்துக்கு நான் ஏன் செலவு பண்ணணும்?"னு கேட்பீங்க. என் கருத்து: பண்ணணும். சுவர் அவரோடது, கரண்ட் பில்லும் அட்வான்ஸும் உங்களோடது.

முதல்ல கரண்ட். இதை அடைச்சா பில் பாதியாகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பல வீட்டுல கதவுக்கு அடியில இருக்கற இடைவெளி இதைவிடப் பெரிசு. ஆனா தமிழ்நாட்டு மின் கட்டணத்துல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்ங்கறது ஒரு கோடு. அதைத் தாண்டினா, தாண்டின யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறாது. கீழ் ஸ்லாப்ல கிடைச்ச குறைஞ்ச ரேட்டும் போயிடும். கோட்டுக்குப் பக்கத்துல இருக்கறவங்களுக்குச் சின்னக் கசிவும் கணக்குதான்.

பெரிய நஷ்டம் மழையில. ஐப்பசி, கார்த்திகையில காத்தோட சாய்ஞ்சு அடிக்கற மழை அந்த வழியா உள்ளே இறங்கும். பெயின்ட் உப்பி உரியும். காலி பண்ணும்போது அந்தச் செலவை அட்வான்ஸ்ல கழிப்பாங்க. போதாததுக்குச் சுண்டெலி. பென்சில் நுழையற இடம் அதுக்குப் போதும். உள்ளே வந்தா வயரையும் கடிக்கும்.

என்ன பண்ணலாம்?

* கேபிளைச் சுத்தி மெல்லிய இடைவெளின்னா சிலிகான் சீலன்ட் போதும்.
* ஏசி பைப்புக்கு, உள்ளே துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரப்பரைத் திணிச்சு, மேல காயாத புட்டி வைங்க. வீடு மாறும்போது எடுத்துடலாம். சிமென்ட் பூசினா ஏசியைக் கழட்டும்போது உடைக்கணும்.
* ஸ்ப்ரே ஃபோம் அடிச்சா அப்படியே விடாதீங்க. வெயில்ல பொடியாகும், மேல பெயின்ட் அடிங்க.
* கேபிள் நுழையற இடத்துக்கு முன்னாடி கொஞ்சம் கீழ தொங்கி மேல ஏறட்டும். தண்ணி அங்கேயே சொட்டிடும்.

மொத்தச் செலவு சில நூறு ரூபாய், அரை நாள் வேலை.

ஆனா எல்லா ஓட்டையையும் அடைக்கக் கூடாது. கேஸ் கீசரோட புகை வெளியேறும் வழி, பாத்ரூம், கிச்சன் வென்டிலேட்டர், ஏசி டிரெயின் பைப்போட வாய் மூணையும் தொடாதீங்க. முதல் ரெண்டும் உயிர் சம்பந்தப்பட்டது.

புது ஏசி மாட்டறீங்களா? ஓட்டையை அடைச்சு முடிச்ச பிறகு ஜிபே பண்ணுங்க. ஏற்கனவே மாட்டியாச்சுன்னா, இந்த ஞாயித்துக்கிழமை ஒரு டார்ச் எடுத்துட்டு இன்டோர் யூனிட்டுக்குப் பின்னாடி பாருங்க.