செருப்புக்குக் காவல்

எனக்கு நீச்சல் தெரியாது. நாற்பது வயதில் இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனால் பைகளுக்கும் செருப்புகளுக்கும் நானே காவல். "யாராவது சாமானைப் பார்த்துக்கணுமே" என்பது என் நிரந்தரச் சாக்கு.

கடந்த பள்ளி விடுமுறையில் லங்காவி போனோம். மூன்று தீவுகளைச் சுற்றும் படகுப் பயணத்துக்கு மனைவி பணம் கட்டிவிட்டார். நான் வழக்கமான சாக்கை எடுத்ததும், எட்டு வயது மகள், "அப்பா வரலன்னா நானும் வரல. எனக்கும் பயமா இருக்கு" என்றாள். என் பயம் யாருக்கும் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தேன்? அது அவளையும் தொற்றியிருந்தது.

படகில் ஏறும் முன் படகோட்டியிடம், "அபாங், சாயா தாக் பண்டாய் பெரெனாங்" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நான் போட்டிருந்த பாதுகாப்பு ஜாக்கெட்டைத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கினார். அது காதுவரை ஏறியது. "தண்ணீரில் இது கழன்றுவிடும்" என்று சொல்லி, சிறியது ஒன்றைக் கொடுத்து வார்களை இறுக்கினார். எங்களைப் பின்பக்கம் உட்காரவைத்தார். வேகப் படகில் முன்பக்கம்தான் அதிகமாகத் தூக்கிப் போடும்.

முதலில் டாயாங் பூந்திங். சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளுக்கு நடுவே ஒரு நன்னீர் ஏரி. சுவர்போல் நிற்கும் பாறைக்கு அப்பால் கடல். நீரில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தோம். அடுத்து சிங்கா பெசார் அருகே படகு நின்றது. செம்பருந்துகள் தலைக்கு மேல் வட்டமிட்டு, நீரைத் தொட்டு எழுந்தன. லங்காவி என்ற பெயரே இந்தப் பருந்திலிருந்து வந்தது என்பார்கள். அதைப் பார்த்த நேரத்தில் பயம் மறந்துபோனது.

கடைசியாக பெராஸ் பாசா. இடுப்பளவுத் தண்ணீரில், ஜாக்கெட்டைக் கழற்றாமல் மெல்ல மல்லாந்தேன். கால் தரையை விட்டது, மிதந்தேன்! மகளும் என் கையைப் பிடித்தபடி பக்கத்தில் மிதந்தாள்.

நீச்சல் தெரியாதவர்களே, கூச்சப்படாமல் படகோட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜாக்கெட் உடம்போடு பொருந்துகிறதா என்று இழுத்துப் பாருங்கள். பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள்.

அன்று எங்கள் செருப்புகளுக்குக் காவல் யாருமில்லை. திரும்பி வந்தபோது எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன.