நிச்சயம் கேட்பது நீதியா?

பூவரசங்குளத்து வயலிலே ஒரு கூலித் தொழிலாளி வரம்புப் புல் வெட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி விரியன் தீண்டுகிறது. வவுனியா மருத்துவமனையிலே உயிர் தப்புகிறான். ஆனால் சிறுநீரகம் பழுதாகிவிடுகிறது. மண்வெட்டி பிடித்த கை ஓய்ந்துவிடுகிறது. நட்டஈடு கேட்டால் எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? “இம்மாவட்டத்திலே சிறுநீரக நோய் ஏற்கெனவே உண்டு. பாம்பினாலேதான் பழுதாயிற்று என்பதற்கு என்ன நிச்சயம்?”

என்னே சாதுரியம்! 1990களில் வடமத்திய மாகாணத்திலே இனங்காணப்பட்டு, வவுனியாவையும் வாட்டுகின்ற, காரணம் இன்னும் முற்றாகத் துலங்காத அந்நோய் ஏழையைக் கொல்வது போதாதென்று, அவன் உரிமையையும் கொல்ல வேண்டுமா?

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் கேட்பது நிச்சயமன்று. வேலை காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தா என்பதே அதன் கேள்வி. அதற்கு விடை, எது பெரும்பாலும் நிகழ்ந்திருக்கும் என்பதேயன்றி, அணுவளவும் ஐயமற்ற உண்மையன்று. ஆங்கிலச் சட்டத்திலும் இதே சொற்களே இருந்தன. இருதயத்திலிருந்து செல்லும் பெருநாடி முன்னரே வீங்கியிருந்த ஒரு தொழிலாளி, திருகாணியை முடுக்குகையில் நாடி வெடித்து மாண்டான். உறக்கத்திலும் வெடித்திருக்கலாம் என்றது மருத்துவச் சாட்சியம். இருந்தும் 1910இல் பிரபுக்கள் சபை அவனைச் சார்ந்தோர் பக்கமே தீர்ப்பளித்தது. நோயுற்ற உடலும் உழைக்கும் உடலே!

சான்றுதான் இல்லையா? உண்டு. விரியன் நஞ்சேறிய இரத்தம் கண்ணாடிக் குழாயிலே 20 நிமிடம் வைத்தும் உறையாதிருப்பது ஒரு சான்று. சேர்த்த அன்று இயல்பாயிருந்த கிரியாற்றினின் அளவு அடுத்த நாட்களில் உயர்வது மற்றொன்று. நாட்பட்ட நோயிலே சிறுநீரகம் பெரும்பாலும் சுருங்கியிருக்கும். அதனை ஸ்கான் காட்டும். இவற்றோடு கடிபட்ட இடம், நேரம், செய்த வேலை மூன்றையும் மருத்துவர் ஒரு வரியிலே எழுதிவைத்தால் வழக்கு நிற்கும். அந்த ஒரு வரி விடுபட்டால், ஒரு குடும்பமே விழும். மருத்துவப் பெருமக்களே, அந்த வரியை எழுதுங்கள்!

அரசையும் கேட்கிறோம். அட்டவணையிலே பெயருள்ள தொழில்நோய் என்றால், எதிராக நிரூபிக்கப்படும்வரை அது வேலையால் வந்ததென்றே சட்டம் கொள்கிறது. வயலில் பாம்பு கடித்தவனுக்கு மட்டும் அந்த அனுமானம் ஏன் இல்லை? 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தையும் ஏற்றுக்கொண்டது. வழிக்கு இரங்கிய சட்டம் வயலுக்கு இரங்கலாகாதா?

கமக்காரர்களே, இது உங்களுக்கெதிரான வழக்கன்று. நட்டஈட்டைச் சிறு கமக்காரன் தனித்துச் சுமக்க இயலாதெனில், காப்புறுதி நிதியொன்றைக் கேட்போம்; சேர்ந்தே கேட்போம். ஆனால் சுமை பெரிதென்பதற்காகத் தொழிலாளியைப் பொய்யனாக்க வேண்டாம். மழை பொய்த்தால், இன்று கூலி கொடுப்பவன் மகனும் நாளை கூலிக்குத்தான் போவான். அந்த வரம்பிலும் விரியன் கிடக்கும்!